பிடித்த படம், பிடித்த தொடர், பிடித்த சாப்பாடு: சற்றே நீண்ட பதில்

பிடித்த திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், உணவுகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் பட்டியலாக இல்லாமல் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். ஒரு கதையில் யாராவது சாப்பிட உட்கார்ந்தால் என் கண் இலையில் நிற்காது; பரிமாறுகிறவரிடம் போய்விடும். அவர் யார், எத்தனை மணிக்கு எழுந்து சமைத்தார், எப்போது சாப்பிடுவார், கடைசிப் பந்தியில் அவருக்கு என்ன மிஞ்சும் என்பதையெல்லாம் இயக்குநர் யோசித்திருப்பது தெரிந்தால், அந்தப் படத்தின் மற்றக் குறைகளை நான் மன்னித்துவிடுவேன். இதை விமர்சனக் கோட்பாடு என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்குக்கு ஒரு பழக்கம் இருப்பதைப் போலக் கண்ணுக்கும் ஒரு பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்துக்கு முதலில் தீனி போட்ட படம் 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் நாடகத்தை ஏவி.எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் படமாக்கினார்கள். டம்ளர்களைக் கோபுரமாக அடுக்கி ஏந்திக்கொண்டு நாகேஷ் வரும் தோற்றம் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் பழக்கமானது. அதை வித்தை என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஓட்டல் சர்வரின் உடல் எப்படி வளைந்து, ஒதுங்கி, மேசைகளுக்கு நடுவே வழி கண்டுபிடிக்கிறது என்பதை அவ்வளவு நுட்பமாக நடித்துக் காட்டியவர் தமிழில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலாளியின் மகள்மீது அந்தச் சர்வருக்கு வரும் காதல், பிறகு நடிகனாகிப் புகழ் பெறுவது ஆகிய பகுதிகளில் நாடகத்தனம் கூடுதலாகத்தான் இருக்கிறது. முடிவில் அவர் மறுபடியும் சர்வர் உடையை அணியும்போது அந்த நாடகத்தனமெல்லாம் எனக்குப் பொருட்டாகத் தெரிவதில்லை.

அதே நாகேஷ், அதே பாலசந்தர், 1968இல் வந்த 'எதிர்நீச்சல்'. பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீட்டில் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் தரும் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டே படிக்கும் மாது என்கிற அநாதை இளைஞனின் கதை அது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சௌகார் ஜானகியும் ஸ்ரீகாந்தும் நடித்த பட்டு மாமி, கிட்டு மாமா நகைச்சுவையையே முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த வீட்டின் சோற்றுக் கணக்குதான் முக்கியம். ஒருவனுக்குச் சோறு போடுகிறோம் என்கிற எண்ணம் வந்த உடனேயே அவன்மீது உரிமையும் வந்துவிடுகிறது என்பதைப் பிரசங்கம் செய்யாமல் சொல்லிவிடுகிறார்கள். இரவல் சோறு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் படம் சிரிப்புப் படமாக மட்டும் தெரியாது.

பரிமாறுகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும், சாப்பிடுகிறவனின் ஆனந்தத்தை மட்டுமே காட்டும் ஒரு காட்சிக்கு நான் அடிமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் கே. வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயாபஜார்' படத்தில் கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ், திருச்சி லோகநாதனின் குரலில் 'கல்யாண சமையல் சாதம்' பாடிக்கொண்டே விருந்தை ஒரு கை பார்ப்பார். லட்டு தட்டிலிருந்து தானாக எழும்பிப் பறந்து வாய்க்குள் போகும். கணினியின் துணை இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லே அதைச் செய்து காட்டினார். தந்திரத்தைவிட ரங்காராவின் கன்னங்கள்தான் எனக்கு அதிசயம். சாப்பிடுவதுபோல் நடிப்பது வேறு, சாப்பாட்டைப் பார்த்ததும் முகமே மலர்வது வேறு. ரங்காராவுக்கு இரண்டாவது கைவந்திருந்தது. கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் அண்டாக்களின் நடுவே தனியாக விடப்பட்டால் நம் எல்லோருக்கும் வரும் ஆசைதான் அது.

கல்யாணச் சமையல் என்றதும் 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' நினைவுக்கு வராமல் இருக்காது. நான்கு வேடங்களில் கமல்ஹாசன் நடித்த அந்தப் படத்தில் மற்ற மூவரையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனை மட்டும் நான் வைத்துக்கொள்வேன். சைவ விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியில் கிரேஸி மோகனின் வசனம் எவ்வளவு சிரிக்க வைக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தச் சமையல்காரரின் பயமும் உண்மையாக இருக்கிறது. பந்தி உட்கார்ந்துவிட்டது, இலை போட்டாயிற்று, சாம்பாரைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்க நேரமில்லை. ஒரு கல்யாணத்தில் சாம்பார் கெட்டால் அந்தச் சமையல்காரருக்கு அடுத்த முகூர்த்தத்தில் வேலை இல்லை. மானமும் பிழைப்பும் ஒரே அண்டாவில் கொதித்துக்கொண்டிருப்பதால்தான் அந்த நகைச்சுவை முப்பது ஆண்டுகள் கழிந்தும் நீர்த்துப்போகவில்லை.

இந்தியச் சமையலறையைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் மிகவும் கடுமையான படம், ஜியோ பேபி மலையாளத்தில் இயக்கி 2021 ஜனவரியில் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்பது என் கருத்து. புதிதாக மணமாகி வந்த பெண்ணாக நிமிஷா சஜயனும் கணவராக சுராஜ் வெஞ்ஞாறமூடும் நடித்தார்கள். அந்தப் பாத்திரங்களுக்குப் பெயரே கிடையாது. மாமனாருக்குச் சோறு குக்கரில் வைக்கக் கூடாது, விறகடுப்பில்தான் வேக வேண்டும். சட்னியை மிக்ஸியில் அடித்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். துணியை இயந்திரத்தில் போட்டால் துணி கெட்டுவிடும். இவை எதையும் அவர் அதட்டிச் சொல்வதில்லை, இனிமையாகவே சொல்கிறார். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த மேசையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை சிதறிக் கிடக்கும்; அதே மேசையில்தான் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் சக்கையைக் கேமரா கிட்டப் போய்க் காட்டும்போது, திரையரங்கிலோ வீட்டிலோ பார்த்துக்கொண்டிருக்கும் ஆண் நெளியாமல் இருக்க முடியாது. பின்னணி இசையை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, நறுக்கும் ஒலி, தாளிக்கும் ஒலி, பாத்திரம் தேய்க்கும் ஒலி, ஒழுகும் தொட்டிக் குழாயின் ஒலி ஆகியவற்றையே மறுபடி மறுபடி கேட்க வைத்த துணிச்சல் பெரிது. 'திரும்பத் திரும்ப ஒரே காட்சி வருகிறதே' என்று அலுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மணிநேரத்தில் அலுப்புத் தட்டியதை அவர்கள் வீட்டுப் பெண்மணிகள் நாள்தோறும் செய்கிறார்கள். இதே கதை 2023இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடிப்பில் தமிழிலும் வந்தது. மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அது தேவைப்படாது.

அன்போடு சமைப்பதைப் பற்றிய படம் கேட்டால் 2013இல் ரித்தேஷ் பத்ரா இயக்கிய 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தைச் சொல்வேன். மும்பையில் டப்பாவாலாக்கள் கொண்டுபோகும் ஓர் அடுக்குக் கேரியர் இடம் மாறி வேறொருவர் மேசைக்குப் போய்விடுகிறது. கேரியர் காலியாகத் திரும்பி வந்ததைப் பார்க்கும் நிம்ரத் கௌரின் முகமும், முதல் கவளத்துக்கு முன்னால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் இர்ஃபான் கானின் முகமும் போதும். மாடிவீட்டு அத்தையை ஒரு தடவைகூடக் காட்டாமல், குரலாகவும் கயிற்றில் இறங்கும் கூடையாகவும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1952இல் எடுத்த ஒரு படத்தில், மனம் ஒட்டாமல் வாழும் வசதியான தம்பதியர் நள்ளிரவில் வேலைக்காரியை எழுப்பாமல் தங்கள் சமையலறைக்குள்ளேயே எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துழாவி, சோற்றில் தேநீரை ஊற்றிச் சாப்பிடுவார்கள். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிக்கு உரையே வேண்டாம்.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வரும் படம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. எம். மணிகண்டன் இயக்கி ஒளிப்பதிவும் செய்து 2015இல் திரையரங்குகளுக்கு வந்த 'காக்கா முட்டை'தான் அது. சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் அண்ணன் தம்பி இருவர், மரத்தில் ஏறிக் காக்கையின் முட்டையைக் குடித்து வளர்கிறவர்கள். மரம் நின்ற இடத்தில் பீட்சா கடை வருகிறது. வீட்டுக்கு வந்த இலவசத் தொலைக்காட்சிப் பெட்டியில் பீட்சா விளம்பரம் வருகிறது. விலை 299 ரூபாய். ரயில் தண்டவாள ஓரம் சிந்திய கரியைப் பொறுக்கி விற்று அந்தப் பணத்தைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். பேரன்களின் ஏக்கத்தைப் பொறுக்க மாட்டாத பாட்டி, விளம்பரத் தாளில் இருக்கும் படத்தைப் பார்த்துத் தோசைமாவின்மேல் காய்களைப் பரப்பி ஒரு பீட்சாவைச் சுட்டுத் தருகிறாள். என் கணக்கில் தமிழ்த் திரையின் மிகச் சிறந்த சமையல் காட்சி இதுதான். தான் ஒருபோதும் தின்றிராத, மணம்கூட அறியாத ஒரு பண்டத்தை, ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தெரிந்த தோசைக்கல்லில் செய்துவிட முடியும் என்று நம்பும் தைரியம் நம் ஊர்ப் பாட்டிகளுக்கே உரியது. படம் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதையும், அந்த இரு சிறுவர்களும் குழந்தை நட்சத்திரங்களுக்கான விருதையும் பெற்றார்கள். பாட்டிக்கும் ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

தொலைக்காட்சிக்கு வருகிறேன். இதில் என் பொறுமை குறைவு. மாலைத் தொடர்களில் ஒரு குடும்பமே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும். தட்டில் சோறு இருக்கும். எல்லோரும் பிசைந்துகொண்டே பேசுவார்கள். ஒரு கவளம்கூட உள்ளே போகாது. திடீரென்று ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து கையைக் கழுவப் போய்விடுவார். இதற்குத் தொழில் காரணம் இருக்கிறது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு வசனம் பேசினால் சொல் தெளிவாக விழாது; ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுக்கும்போது தட்டில் இருக்கும் சோற்றின் அளவு ஷாட்டுக்கு ஷாட் மாறினால் கன்டினியூட்டி கெடும்; ஒவ்வொரு டேக்குக்கும் விழுங்கினால் நடிகரின் வயிறு தாங்காது. அதனால் பிசைவதே பாதுகாப்பு. காரணம் தெரிந்தும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. சாப்பிடத் தெரியாத குடும்பத்தின் சண்டையை நான் எப்படி நம்புவது?

நம்ப வைத்த தொடர்களும் உண்டு. 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்த, திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' அவற்றில் முதன்மையானது. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பன் சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்தால் கை நனைத்துவிட்டுப் போக வேண்டுமே என்கிற தவிப்பு, கூப்பிட்ட மரியாதையில் குறை கண்டுபிடித்துவிடுவார்களோ என்கிற பயம், இரண்டாவது பெண் சரோ புகுந்த வீட்டில் படும் பாடு ஆகியவை நம் தெருவில் நடப்பதுபோலவே இருந்தன. நீளம் அதிகம்தான், தினத்தொடருக்கு வேறு வழியில்லை. சுருக்கமும் சிரிப்பும் வேண்டுமானால், நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பெயர், ஒரே வீடு, அன்றாட வம்பு. அதே நாகா, இந்திரா சௌந்தர்ராஜனின் கதையில் எடுத்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' என் அளவுகோலுக்குள் அடங்காத விதிவிலக்கு. தோட்டக்காரமங்கலம் என்கிற அந்தக் கற்பனை ஊரின் குதிரைக் குளம்பொலிக்குப் பயந்து, அந்தக் காலத்தில் இரவுச் சாப்பாட்டைத் தொடர் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்ட வீடுகள் உண்டு. முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதை, இன்னும் பார்க்காதவர்களை முன்னிட்டு, இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

சமையல் நிகழ்ச்சிகளில் எனக்குப் பிடித்தவர் 'ஆஹா என்ன ருசி' நடத்திய செஃப் ஜேக்கப். நட்சத்திர ஓட்டல் படிப்பைப் படித்துவிட்டு, தென்னிந்தியப் பழஞ்சமையலின்மேல் மரியாதையோடு இருந்தவர். 2012இல் இளவயதிலேயே காலமானார். வேறு பல நிகழ்ச்சிகளில் தொகுப்பாளர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைப்பதற்கு முன்பே 'சூப்பர்' என்று சொல்லிவிடுவார். உப்புக் குறைகிறது என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. 2019 இறுதியில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக் வித் கோமாளி'யை நான் சமையல் நிகழ்ச்சியாகப் பார்ப்பதில்லை, சிரிப்பதற்காகப் பார்ப்பேன். அதிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு: பண்டம் கெட்டுப்போனால் கெட்டுப்போய்விட்டது என்று தைரியமாகக் காட்டுகிறார்கள்.

இடையில் ஒரு செய்தி. படப்பிடிப்புத் தளங்களில் நட்சத்திரத்துக்கு ஒரு சாப்பாடு, துணைநடிகருக்கு ஒரு சாப்பாடு, லைட்மேனுக்கு ஒரு சாப்பாடு என்றிருந்த வழக்கத்தை மாற்றி, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட வைத்தவர் விஜயகாந்த் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் படங்களில் எனக்குப் பிடித்தவை, பிடிக்காதவை இரண்டும் உண்டு. அந்தப் பந்திக்காக அவர்மீது எனக்கு மரியாதை கூடுதல்.

இனி சாப்பாடு. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் என்பதால் அல்வாவைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் வரிசையில் நின்று வாங்கிச் சூட்டோடு தின்னும் சம்பா கோதுமை அல்வா நல்ல பண்டம்தான். ஐம்பது கிராமுக்குமேல் தின்றால் திகட்டும். பிரியாணியைப் பற்றி நடக்கும் ஊர்ச்சண்டைகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா சூடாக இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் ராஜபோகம். தொலியோடு கூடிய கறுப்பு உளுந்தைத் தேங்காய், பூண்டு, வெந்தயம் சேர்த்து அரிசியோடு வேகவைத்து, எள்ளுத் துவையலைத் தொட்டுச் சாப்பிடும் உளுந்தம்பருப்புச் சோற்றை எங்கள் மாவட்டங்களுக்கு வெளியே அதிகம் பேர் அறியாதது வருத்தம்தான். அவியலும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு வேறெதுவும் கேட்க மாட்டேன்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் சொதி. இலங்கையில் மஞ்சள் சேர்த்து நீர்க்க வைத்து இடியாப்பத்தோடு சாப்பிடும் சொதி வேறு. அதுவும் நன்றாக இருக்கும். எங்கள் ஊர்ச் சொதி வெள்ளை நிறத்தில், கெட்டியாக, சோற்றுக்கு ஊற்றுவது. திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்வீட்டார் வைக்கும் மறுவீட்டுச் சாப்பாட்டில் இது கட்டாயம் என்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். தேங்காயை அரைத்து மூன்று தடவை பிழிந்து மூன்று பாலையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வேகும். குழைய வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியோடு பச்சை மிளகாயை அரைத்த விழுதும் சேர்த்து இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்க விட வேண்டும். முதல் பால் கடைசியில்தான் இறங்கும். அது இறங்கிய பிறகு கொதி வரக் கூடாது, ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பிழிவது சூடு தணிந்த பிறகுதான், அவசரப்பட்டால் திரிந்துபோகும். தேங்காய்ப்பாலின் கனத்தை வெட்டுவதற்கு இஞ்சிப் பச்சடி, கடித்துக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். வேறு குழம்பு, ரசம் எதுவும் அந்த இலைக்குத் தேவையில்லை.

மறுவீட்டுச் சொதியில் ஒரு சங்கடம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு, உள்ளூர்ச் சொந்தங்கள் சாப்பிட்டு, தேங்காய் துருவிப் பால் பிழிந்த பெண்கள் உட்காரும்போது சட்டியின் அடியில் பருப்பும் இரண்டு முருங்கைத் துண்டும்தான் இருக்கும். இஞ்சிப் பச்சடி மட்டும் ஏராளமாக மிஞ்சியிருக்கும். அதனால் என் வீட்டில் சொதி வைக்கிற நாளில், பால் பிழிந்தவருக்கும் காய் நறுக்கியவருக்கும் ஒரு கிண்ணத்தில் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் பரிமாறத் தொடங்குவது. நீங்களும் வைத்துப் பார்க்க விரும்பினால் நடுத்தரத் தேங்காய் இரண்டு நான்கு பேருக்குப் போதும். நன்கு முற்றிய காயாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் வைத்து மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு அது தாங்காது.